காற்றில்லாத இடத்தில் ஒரு தள்ளு

வெள்ளவத்தை
3.11.1941

என் பிரியமான நிலாம் நானாவுக்கு,

தங்கச்சி கைருன்னிஸாவின் ஸலாம். நானும் இவரும் உயிரோடு இருக்கிறோம், அல்லாஹ்வுக்கே புகழ். உங்கள் முதுகுவலி எப்படி? கடைச் சோறு தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெருநாளும் அதுவுமாக வந்து, வட்டிலப்பத்தில் ஒரு கரண்டிகூட வாயில் வைக்காமல், "இந்த மிஷின் இங்க ஈக்கிறவரைக்கும் நான் இந்த வாசல மிதிக்க மாட்டன்" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனீர்கள். அதனால் கொட்டாஞ்சேனையில் இருக்கிற கூடப்பிறந்தவருக்கு நான் முத்திரை ஒட்டி எழுதவேண்டி வந்திருக்கிறது. வெட்கக்கேடு.

அந்த மிஷின் என்னவென்று நீங்கள் கேட்கவே இல்லை. வேறு கிரகத்துக்குப் போகிற கப்பலை மின்சாரத்தால் தள்ள முடியுமா என்று இவர் பார்க்கிறார். வாணம் என்றால் மருந்து எரிகிறவரைக்கும்தான் போகும். மின்சாரத் தள்ளு எறும்பு தள்ளுகிற அளவுதானாம், ஆனால் மாதக்கணக்கில் நிற்காது. தடுக்க ஒன்றுமில்லாத வானத்தில் அது சேர்ந்து சேர்ந்து வாணத்தின் வேகத்தையே தாண்டிவிடும் என்கிறார். றேடியோக் கடையில் வேலை முடிந்து வந்ததும் இதே பேச்சுத்தான். ஏலத்தில் வாங்கிய அந்தப் பழைய எக்ஸ்றே சுருளுக்கு என் பதக்கத்தை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை.

உங்களிடம் மறைக்க மாட்டேன். போன வியாழக்கிழமை அந்தச் சுருள் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம், கையில் கறுப்பாக ஒரு ஓட்டை. நான் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கண் திறந்ததும் இந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "மீட்டர் ஊசி அசஞ்சதா?" கன்னத்தில் ஒரு அறை விட்டேன். புருஷனை அறைந்த பாவத்துக்குத் தௌபா செய்துகொண்டேன்.

கோபம் ஆறியதும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்,
கைருன்னிஸா


கொட்டாஞ்சேனை
6.11.1941

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. புறக்கோட்டைக் கடையில் நாள் முழுக்க நின்றால் வேறு எப்படி இருக்கும்?

நீ அறைந்தது போதாது. நான் இருந்திருந்தால் இரண்டு காலையும் முறித்திருப்பேன். வாப்பா மவுத்தானபோது உனக்குப் பத்து வயது. உனக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கும்வரைக்கும் நான் கல்யாணம் முடிப்பதில்லை என்று இருந்தேன். இன்றைக்கு எனக்கு முப்பத்தேழு. அந்த வீட்டில் ஒருவன் மின்னலைப் பிடித்துக் கட்டி வைத்துக்கொண்டு உன்னைக் கொல்லப் பார்க்கிறான்.

நான் எட்டாம் வகுப்புக்காரன்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வானத்துக்கு மேலே காற்றே இல்லை என்று அவரே சொல்கிறார். காற்றில்லாத வெறும் இடத்தில் எதைப் பிடித்துத் தள்ளுமாம்? இதற்குப் பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் அந்தச் சாமானை வெள்ளவத்தைக் கால்வாயில் போடு.

துஆவுடன்,
உன் நானா நிலாம்


வெள்ளவத்தை
14.12.1941

நானாவுக்கு,

உங்கள் தங்கச்சியின் ஸலாம். எனக்கு இருமல், அவருக்கு ஒன்றுமில்லை. ஜப்பான்காரனும் யுத்தத்துக்குள் வந்துவிட்டான், துறைமுகம் பக்கம் வீணாகத் திரியாதீர்கள்.

உங்கள் கேள்வியை அவரிடம் வாசித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "மச்சான் நல்ல கேள்விதான் கேக்கிறார்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். மட்டக்குளியில் ஒரு தோணியில் உட்கார்ந்து கல்லைப் பின்பக்கமாக வீசினால், கல் கை விட்ட அந்த நிமிஷமே தோணி முன்னுக்குப் போகும். கல் தண்ணீரில் விழுந்தாலும் ஒன்று, விழாவிட்டாலும் ஒன்று. அப்படித்தான் இதுவும். பாதரச ஆவியை மின்சாரம் உடைத்துப் பயங்கர வேகத்தில் பின்னுக்கு வீசும்.

ஆனால் அவருக்கே ஒரு அடி விழுந்தது. போன கிழமை கூர்முனையில் மின்சாரம் விட்டதும், பட்டு நூலில் தொங்கின தகடு அரை அங்குலம் நகர்ந்தது. என்னைத் தூக்கிச் சுற்றினார். பிறகு கண்ணாடிக் கூண்டால் மூடி, பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டுப் பார்த்தால் அசையவில்லை. முதலில் தள்ளினது மின்சாரம் ஊதின வெறும் காற்றுத்தான். கோட்டையில் வாங்கின ஜெர்மன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பாஷை தெரியாது, படத்தையும் கணக்கையும் பார்த்தே விளங்கிக்கொண்ட மனிதர். இனிப் பாதரசம்தான் என்று மறுநாளே தொடங்கிவிட்டார்.

ஒருதரம் வந்து பார்த்தால் என்ன?

கைருன்னிஸா


கொட்டாஞ்சேனை
2.1.1942

தங்கச்சிக்கு,

ஸலாம். உன் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன் கறி இல்லாமல் தனியாகத் தின்றேன்.

நான் இப்போது வார்டன். காக்கிச் சட்டையும் இரும்புத் தொப்பியும் விசிலும் தந்திருக்கிறார்கள். குண்டு விழுந்தால் ஆட்களை எடுப்பது, யார் வீட்டில் வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. நேற்று வெள்ளவத்தை வார்டன் ஒருவர் என்னிடமே வந்து, உன் வீட்டு ஒழுங்கையில் பொழுதுபட்டதும் றேடியோவெல்லாம் கொறகொறவென்று கத்துகிறது, லண்டன் செய்தி கேட்க முடியவில்லை, ஒரு வீட்டு யன்னல் இடுக்கில் ஊதா வெளிச்சம் தெரிகிறது என்று சொன்னார். எந்த வீடு என்று அவருக்குத் தெரியாது. நானும் தெரியாதவன் மாதிரி நின்றேன். எவ்வளவு கேவலம்.

ஜெர்மன் புத்தகத்தை எரி. மிஷினை மூடு. இது யுத்தம், தங்கச்சி. சனம் வெறி பிடித்து நிற்கிறது, கசிகிற வெளிச்சமெல்லாம் எதிரிப் பிளேனுக்குக் காட்டுகிற அடையாளம் என்கிறது.

நிலாம்


வெள்ளவத்தை
8.3.1942

நானாவுக்கு,

ஸலாம். இரண்டு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். இப்போது எழுதுவதும் கோபத்தில்தான்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு அவர் பொழுதுபட்டபின் மிஷினைத் தொடுவதில்லை. யன்னலுக்கெல்லாம் கறுப்புக் கடதாசி ஒட்டியாயிற்று. பக்கத்து வீட்டு மாக்ரெட் மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி, வேலிக்கு மேலால் என்னை ஏசினவர்தான், இப்போது செய்தி நேரத்தை எழுதித் தந்திருக்கிறார். அந்த நேரத்தில் நாங்கள் தொடமாட்டோம். எல்லாரோடும் சமாதானம் ஆகிவிட்டது, உங்களைத் தவிர.

சிங்கப்பூர் விழுந்தால் மூட வேண்டும், ரங்கூன் விழுந்தால் எரிக்க வேண்டும், இவர் என்ன பிழை செய்தார் நானா? இன்னும் ஒரே ஒரு சோதனை. பாதரசம் வைத்து, காற்றை முழுக்க எடுத்து, தகடு ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், எழுதி லண்டனுக்கு அனுப்பிவிட்டு மிஷினை நானே கழற்றிப் பெட்டியில் போடுவேன். நகராவிட்டாலும் அப்படித்தான். ஏப்ரல் முடிவதற்குள் முடித்துக்கொள்கிறேன் என்று என் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. எனக்கு மூன்று மாதம். மாமாவாகப் போகிறவர் வாசலை மிதிக்காமல் இருக்கிற அழகைப் பாருங்கள்.

கைருன்னிஸா


கொட்டாஞ்சேனை
17.3.1942

அன்புத் தங்கச்சி,

அல்லாஹ் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காக்கட்டும். உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கனமான எதையும் தூக்காதே.

மூன்று மாதக்காரியை அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் விட்டுவைக்க என்னால் முடியாது. ஒரு கிழமை யோசித்தேன், பிறகு ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். எங்கள் வார்டன் போஸ்டில் மக்கீனிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டேன். முறைப்படி எழுதிக் கொடுத்த பிறகு ஆட்கள் வந்து மிஷினை மட்டும் எடுத்துப் போவார்கள். உன் மாப்பிள்ளை பௌஸியின் மேல் ஒரு துரும்பும் படாது, அதற்கு நான் பொறுப்பு. வந்தால் தடுக்காதே.

நிலாம்


வெள்ளவத்தை
20.3.1942

நானாவுக்கு,

ஸலாம். யாரிடம் சொன்னீர்கள்? என்னவென்று சொன்னீர்கள்? கிரகத்துக்குப் போகிற கப்பல் என்று சொன்னீர்களா, வெளிச்சம் வருகிற வீடு என்று சொன்னீர்களா?

இந்தக் கடிதம் கண்டதும் போய், "நான் செல்லினது பிழை" என்று அவர்களிடம் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

கைருன்னிஸா


கொட்டாஞ்சேனை
12.4.1942

தங்கச்சி,

ஸலாம். உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டேன், அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நீ சுகமா? அதை மட்டும் உடனே எழுது.

காலை ஏழரைக்கு ஜப்பான்காரர்கள் பிளேனில் வந்தார்கள். துறைமுகத்தின் மேல் பனைமர உயரத்தில் வந்தார்கள், சக்கரம்கூடத் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு குண்டு விழுந்தது. மூன்று வீடு இருந்த இடத்தில் ஒரு குழி. ஒரு சுவருக்குள்ளிருந்து கை ஒன்று தெரிகிறது என்று பிடித்து இழுத்தேன், கை மட்டும் வந்தது. மக்கீனின் மகள் பீபியை, ஏழு வயது, நாங்கள்தான் கல்லுக்கடியிலிருந்து எடுத்தோம். முகத்தில் ஒரு கீறலும் இல்லை, பின்தலை இல்லை. மக்கீன் அழவில்லை. பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான். அன்றைக்கு அஸர்த் தொழுகைவரைக்கும் மய்யித்து எடுத்தேன். கபன் துணி போதவில்லை.

வலது கையில் அடிபட்டுவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நிலாம்


வெள்ளவத்தை
19.4.1942

நானாவுக்கு,

ஸலாம். நான் இருக்கிறேன். வயிற்றில் இருப்பதும் இருக்கிறது. பீபிக்காக யாசீன் ஓதினேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி இருக்கும். ஒரு லொறி வந்து நின்றது. ஆறு பேர். முகத்தையெல்லாம் துவாயால் சுற்றியிருந்தார்கள், உடம்பெல்லாம் சுண்ணாம்புத் தூள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். யாரோ கதவை வெளியால் பூட்டினார்கள். குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில், கதவோடு ஒட்டி ஒரு சின்ன யன்னல் இருக்கிறதே, அதற்குள்ளால்தான் எல்லாம் பார்த்தேன்.

முதலில் கூண்டை உடைத்தார்கள். பாதரசம் நிலமெல்லாம் உருண்டு ஓடியது. சுருளைக் கோடரியால் கொத்தினார்கள். ஜெர்மன் புத்தகத்தில் கப்பல் படத்தைக் கண்டு, பிளேன் படம், பிளேன் படம் என்று ஒருவன் கத்தினான். பகல் வெளிச்சத்தில் வந்த பிளேனுக்கு எதற்கடா லைட் என்று நானும் உள்ளேயிருந்து கத்தினேன். யார் கேட்டது. இரும்புக் கம்பியால் அவருடைய முதுகில் அடித்தார்கள், வயிற்றில் உதைத்தார்கள், பல் இரண்டு என் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. அதற்கெல்லாம் அவர் சத்தம் போடவில்லை. வலது கையைப் பிடித்து வாசற்படியில் வைத்தபோதுதான் வாயைத் திறந்தார். "என்ட கைய மட்டும் வுடுங்க. மிச்சத்த என்ன சரி செய்ங்க." அதைக் கேட்டுத்தான் அந்தக் கையில் அடித்தார்கள். கம்பியால் ஒன்பதோ பத்தோ அடி. எண்ணியிருக்கக் கூடாது, எண்ணிவிட்டேன்.

ஒருவன் மட்டும் அடிக்கவில்லை. குசினிக் கதவில் சாய்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றான், காக்கிச் சட்டை. பற்றரிக்கு ஊற்றுகிற அசிட் போத்தல் மூலையில் இருந்தது. மூடியைத் திறந்து யன்னல் கம்பிக்குள்ளால் அவன்மேல் முழுக்க ஊற்றினேன். தோளிலிருந்து வலது கை முழுக்க வழிந்தது. சட்டை புகைந்தது, தோல் வெந்த மணம் எனக்கு வந்தது. சந்தோஷப்பட்டேன், நானா. அல்லாஹ் அறிய, சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த மனிதன் கத்தவுமில்லை, கதவை விட்டு நகரவுமில்லை.

மாக்ரெட் மிஸ்ஸிதான் வேலி பாய்ந்து வந்து, லொறிக்குக் குறுக்கே நின்று ஏசி அவர்களை ஓட்டினார். ஆஸ்பத்திரியில் என் புருஷனின் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். பொலிஸ் கேட்டதற்கு ஒருவரையும் அடையாளம் தெரியாது என்று சொன்னார்.

உங்கள் வலது கை எப்படி இருக்கிறது? எதால் அடிபட்டது என்று நீங்கள் எழுதவில்லை.

கைருன்னிஸா


கொட்டாஞ்சேனை
29.6.1942

கைருன்னிஸாவுக்கு,

ஸலாம் சொல்ல எனக்கு முகம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு மேல் இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான்தான்.

மக்கீன் மகளை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து நின்றான் என்று எழுதினேன். நின்றுகொண்டு கேட்டான், "நிலாம், அந்த லைட் ஊடு எங்க ஈக்கிது?" அதை நான் எழுதவில்லை. அஸர்வரைக்கும் மய்யித்து எடுத்தேன் என்று எழுதியதும் பொய். பிள்ளையின் இரத்தம் என் சாரத்தில் ஊறிக்கொண்டிருக்கிறபோது, எனக்கும் ஒரு நிமிஷம், பௌஸிதான் இவளைக் கொன்றான் என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். லொறியில் ஏறி, முன்னால் உட்கார்ந்து, வழி காட்டினேன். பாலம் தாண்டும்போது புத்தி வந்தது. மிஷினை மட்டும் உடைக்க வேண்டும் என்று கேட்டேன். மக்கீன் இரும்புக் கம்பியை மடியில் எடுத்து வைத்தான். அதற்குப் பிறகும் நான் லொறியை நிறுத்தச் சொல்லவில்லை. வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சத்தியத்தை அப்படித்தான் முறித்தேன்.

கதவைப் பூட்டினவன் நான். உன்மேல் ஒரு கை படக்கூடாது என்று அதில் சாய்ந்து நின்றேன். அவர் கையை விடுங்கள் என்று கேட்டபோது எனக்கு எட்டடி தூரம். போனால் கதவு காலியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மக்கீனின் கண்ணுக்குப் பயந்தேன், அவ்வளவுதான். நீ ஊற்றினபோது கத்தினால் என் குரலைக் கண்டுகொள்வாய் என்று துவாயைக் கடித்துக்கொண்டேன். அந்த எரிவு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. முழங்கை இப்போது மடிவதில்லை, மூன்று விரல் ஒட்டிக்கொண்டது. இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை.

பொலிசில் போய்ச் சொல்லவா? நீ சொல், போகிறேன். வீடு உன் பேரில்தான் இருக்கிறது, என்றைக்கும் உன் பேரில்தான் இருக்கும்.

நிலாம்


வெள்ளவத்தை
5.7.1942

நிலாம் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஏழு மாதம், கால் வீங்கியிருக்கிறது. அவர் எழுந்து நடக்கிறார், இடது கையால் சோறு தின்னப் பழகிவிட்டார். இடது கையால் தின்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து போய்விடத் தோன்றும்.

உங்கள் கடிதத்தை அவருக்கு முன்னால் வைத்தேன். வாசிக்கவே இல்லை. கதவடியில் நின்ற நிலையிலேயே உங்களை அன்றைக்கே கண்டுகொண்டாராம். மூன்று மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒனக்கு ஈக்கிறது ஒரு நானாதானே" என்றார். உங்கள் இருவரையும் ஒரே உலக்கையால் சாத்த வேண்டும்.

நான் அவர் மாதிரி இல்லை. உங்களை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை, வராததை எழுத மாட்டேன். அசிட்டை ஊற்றினதற்கு வருத்தமா என்று கேட்டால் அதற்கும் பதில் தெரியவில்லை. சில நாள் உங்கள் கையை நினைத்து அழுகிறேன், சில நாள் போத்தல் இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பொலிசுக்குப் போக வேண்டாம். உங்களைப் பிடித்து உள்ளே போட்டால் எனக்கு என்ன லாபம்?

சுருளின் கம்பியை மே மாதம் முழுக்க உட்கார்ந்து நான் திரும்பச் சுற்றினேன். அவர் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, இறுக்கு, தளர்த்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புதிய கண்ணாடிக் கூண்டை மாக்ரெட் மிஸ்ஸி எங்கிருந்தோ கொண்டுவந்தார், எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. பாதரசத்தை நிலப் பிளவுகளிலிருந்து இறகால் கூட்டி எடுத்தேன். எல்லாம் தயார். பம்பைச் சுற்றுவதுதான் மிச்சம். இரும்புச் சாமான், அதை மட்டும் உங்கள் ஆட்களால் உடைக்க முடியவில்லை. அந்தப் பாதரசம் காற்றில்லாத இடத்தில் தள்ளுமா என்று பார்ப்பதற்கு அதன் கைப்பிடியை மூன்று மணிநேரம் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். நிறுத்தினால் காற்று திரும்பப் புகுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை நான் சுற்றினேன். அரை மணிநேரத்தில் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது, மிஸ்ஸி வந்து ஏசிப் படுக்க வைத்தார். அவரால் இடது கையால் சுற்ற முடியவில்லை, முதுகில் விழுந்த அடி இன்னும் விடவில்லை.

உங்களுக்கு இடது கை நன்றாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாருங்கள். பம்பு அவருடைய கதிரைக்கு நேர் எதிரே இருக்கிறது, நகர்த்த முடியாது, நிலத்தோடு ஆணி அடித்திருக்கிறது. அந்த மூன்று மணிநேரமும் நீங்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சுற்ற வேண்டும். பகல் சாப்பாடு இங்கேதான்.

கைருன்னிஸா